முட்டை செட்டு

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஜன்னல் பக்கம் தள்ளிக்கிட்டா நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கிடுவேன். வலது காலு மடங்காது. நீட்டித்தான் வைக்கணும். கூடை, மூட்டைன்னு யாராவது வந்து இடிச்சா அது என் பாடு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆங், அவ்வளவுதான். புண்ணியமாப் போவும்.

இது திருச்செந்தூர் வண்டிதான? நல்லான்விளையில நிக்கும்லா? குரும்பூர் தாண்டி ஒரு சின்ன ஸ்டாப்பு. நிக்கும்னுதான் கண்டக்டர் சொன்னாரு. டிக்கெட்டும் அதுக்குத்தான் எடுத்திருக்கேன். ஆனா எறங்குவனா மாட்டனான்னு எனக்கே தெரியல. எறங்கியே ஆகணும்னு சட்டமா இருக்கு? பேசாமத் திருச்செந்தூர் போயி முருகனக் கும்பிட்டுட்டு அடுத்த வண்டியில திரும்பிரலாம். வீட்டுல கேட்டா, போனேன், பாத்தேன், சாப்பிட்டேன்னு சொல்லிர வேண்டியதுதான்.

போன வாரம் ஒரு போன் வந்துச்சு. "சேர்மா, நான் எபி பேசுதேன்"ங்கான். நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. நேத்து சாயங்காலம் டீக்கடையில பிரிஞ்சவன் மாதிரி, எபி பேசுதேங்கான். எந்த எபின்னு கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். "செண்பகா மில்லு எபனேசர்"ன்னான். அவன் மவன் வீடு கட்டியிருக்கானாம், இன்னைக்கிப் பிரதிஷ்டை. சர்ச்சு ஐயர் வந்து ஜெபம் பண்ணி, சாப்பாடு போடுவாங்கல்லா, அது. "நீ வரணும் சேர்மா, நான் ஸ்டாப்புல வந்து நிக்கேன்"ன்னான். பாப்போம்னு சொல்லி வச்சிட்டேன். எங்க வீட்டுக்காரி ஜெயக்கொடிகிட்ட, இவனுக்கு எப்பிடிம்மா நம்ம நம்பர் கெடைச்சதுன்னு கேட்டா, "எனக்கென்ன தெரியும்"ங்கா, அரிசியில கல்லுப் பாத்துக்கிட்டே. அவ இருக்காளே, எபி பேச்ச எடுத்தாலே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. இன்னைக்குக் காலையில பாத்தா ஒரு தூக்குவாளி நெறைய முந்திரிக்கொத்து சுட்டு வச்சிருக்கா. நீயும் வாயேன்னு கூப்பிட்டேன். நீங்க மட்டும் போங்கன்னுட்டா.

போறதா இருந்தா எதுக்குப் போறேன்னு கேளுங்க. சாப்பிடப் போகல. அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். ஏண்டே அன்னைக்கி ஒரு வார்த்தை சொல்லாமப் போனன்னு. அது ஒண்ணுதான்.

வண்டி ஏன் இப்படி உருட்டுது? இன்னும் செய்துங்கநல்லூரே வரலையா?

நான் யாருன்னு சொல்லலைல்லா. என் பேரு சேர்மத்துரை. பொறந்தது ஏரல் பக்கம். இன்னைக்கி இந்தக் காலப் பாத்தா நம்ப மாட்டீங்க, அந்தக் காலத்துல "தாவு சேர்மன்"னு சொன்னா இந்த ஜில்லாவுல தெரியாத ஆளு கிடையாது. சடுகுடுல பாடிக்கிட்டே எதிராளி கட்டத்துக்குள்ள போவேன். ரெண்டு பேரு சங்கிலி மாதிரி கையக் கோத்துக்கிட்டு மறிப்பாங்க. அவங்க கைக்கு மேல தாவி நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுவேன். கூட்டம் அப்படியே எந்திரிச்சு நிக்கும். பொம்பளையாளுக கூட வந்து பாப்பாங்க. ஜெயக்கொடியே அப்படிப் பாத்தவதான், இப்போ கேட்டா இல்லங்கா.

அன்னைக்கெல்லாம் சடுகுடு வெளையாடுனா என்ன கெடைக்கும்? ஒரு கெடா குடுப்பாங்க. இல்லன்னா ஒரு குத்துவெளக்கு. கையில கால்ல அடிபட்டா அவனவன் செலவுல வைத்தியம். அப்படி ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் செண்பகா மில்லு சின்ன முதலாளி வந்திருந்தாரு. நூல் மில்லு. அண்ணன் தம்பி ரெண்டு முதலாளி. பெரியவருக்கு மில்லுதான் உசுரு, சின்னவருக்குச் சடுகுடுதான் உசுரு. ஆட்டம் முடிஞ்சதும் என்னக் கூப்பிட்டு விட்டாரு.

"ஏய்யா, எங்க மில்லுல சேந்துக்கிடுதியா?"

"மிஷின் வேல எனக்குத் தெரியாது மொதலாளி"ன்னேன்.

"மிஷின் பக்கமே நீ போவாண்டாம். காலையிலயும் சாயங்காலமும் வெளையாடணும். டோர்னமெண்ட் எங்க நடந்தாலும் போவணும். அதுதான் உன் வேல. மாசாமாசம் சம்பளம்."

தம்பி, இப்ப டிவியில காட்டுதான், ஆள ஏலத்துல எடுக்கான். அன்னைக்கி வெளையாடுததுக்குச் சம்பளம்ங்கது எங்க பக்கத்துல யாரும் காதால கேட்டதில்ல. எங்க மாமனாரு, ஜெயக்கொடி அப்பா, மாப்பிள்ளைக்கு மில்லுல வேலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. ஒருநாள் மில்லுக்கே வந்து, வாட்ச்மேன்கிட்ட, எங்க மாப்பிள்ளை எந்த டிப்பார்ட்மெண்டுன்னு கேட்டிருக்காரு. "சடுகுடு டிப்பார்ட்மெண்டு"ன்னு அவன் சொல்லிருக்கான். மனுசன் எங்க வீட்டுக்கு வந்து, காப்பி கூடக் குடிக்காம ஊருக்குத் திரும்பிட்டாரு.

ஒம்போது பேரப் பொறுக்கி எடுத்தாரு. பட்டாளத்துல இருந்து வந்த வன்னியப்பெருமாள் மாஸ்டர் எங்களுக்குக் கோச்சு. வாயத் தெறந்தா ரெண்டு வார்த்தைதான் வரும், அந்த ரெண்டும் வசவாத்தான் இருக்கும். நான்தான் கேப்டன். வேற யாரு இருக்கா?

எபனேசர் உப்பளத்துல மூட்ட தூக்கிக்கிட்டுக் கெடந்தவன். ஆளு நல்ல ஒசரம். எடது மூலையில நிப்பான். பாடி வாரவன் கணுக்கால்ல கைய வச்சாம்னா கொக்கிதான். பாடிப் போகவும் தெரியும், ஆனா நான் இருக்கைல அவன எதுக்கு அனுப்பணும்? பேச்சுக் கெடையாது. கமுக்கமான ஆளு. அப்படிப்பட்டவங்கள நம்பக் கூடாது தம்பி. உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாதுல்லா.

கேண்டீன்ல எங்களுக்கு மட்டும் தனியா பாலு, முட்டை. மத்த தொழிலாளிக ஷிப்டு முடிஞ்சு, தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு வருவாங்க. நாங்க முட்டை தின்னுக்கிட்டு இருப்போம். அவங்களுக்கு எரியுமா எரியாதா? "முட்டை செட்டு"ன்னு பேரு வச்சிட்டாங்க. நாங்க கேட்டுக்குள்ள நொழையும்போது கோழி மாதிரிக் கொக்கரிப்பாங்க. நூறு பேரு ஒரே நேரத்துல கொக்கரிச்சா எப்படி இருக்கும்? எனக்கு ரத்தம் கொதிக்கும். எபி சிரிச்சுக்கிட்டே போவான். மானம் ரோசம் கெடையாது.

அந்த எபிக்கு முட்டை பிடிக்காதாம். கேட்டீங்களா இந்தக் கூத்த? சடுகுடு வெளையாடுதவனுக்கு முட்டை பிடிக்காதாம். தெனமும் அவன் பங்க என் தட்டுல தள்ளிருவான். "எனக்கு இது எறங்காது சேர்மா, வீட்டுக்குக் கொண்டு போ"ம்பான். ஜெயக்கொடி அப்ப மாசமா இருந்தா. நானும் கொண்டு போவேன். வேணாங்கதத் தூரப் போடவா முடியும்?

செய்துங்கநல்லூர் வந்துட்டுல்லா. எறங்குற கூட்டமே இல்ல, எல்லாம் ஏறுதாங்க. அம்மா, அந்தக் கூடையக் கொஞ்சம் தள்ளி வையிங்க, காலு இருக்கு. நீங்க சொல்லக் கூடாதா தம்பி? சரி, போட்டும்.

தைப் பொங்கல் கழிஞ்சு சீசன் ஆரம்பிச்சுது. லாரிதான் எங்களுக்கு வண்டி. பஞ்சுப் பொதி ஏத்துற லாரியில தார்ப்பாய விரிச்சு உக்காந்து போவோம். சங்கரன்கோயில், கயத்தாறு, நாகர்கோயில். ஒரு ஊர்ல ஆடிட்டுக் குளிக்கக் கூட நேரம் இல்லாம அடுத்த ஊருக்கு வண்டி கெளம்பிரும். ஒடம்பெல்லாம் அந்தந்த ஊரு மண்ணு. ஒரு எடத்துல உக்காந்து நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னதா நெனவு இல்ல. ஆனா ஜெயிச்சோம். போற எடமெல்லாம் ஜெயிச்சோம். நாகர்கோயில்ல எங்கள எதித்து ஆடுன செட்டுல மலை மாதிரி ஒருத்தன் இருந்தான். அவன் தோள்ல கைய ஊனித் தாவினேன் பாருங்க, அவன் என்னத் தேடிக்கிட்டு நிக்கான், நான் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு மூச்சு விடுதேன். சின்ன முதலாளி ஓடி வந்து, வேட்டி அவுந்தது கூடத் தெரியாம என்னக் கட்டிப் பிடிச்சாரு.

ஒரே ஒரு ஆட்டந்தான் தோத்தோம். சிவகாசியில. அதுவும் நான் எல்லைக்கோட்ட மிதிச்சிட்டேன்னு அம்பயர் ஊதிட்டான். கோடே கோணலாப் போட்டிருந்தாங்க தம்பி. கோணக் கோட்ட மிதிக்காம எப்படி ஆடுறது? அப்ப நாலு பேருதான் எங்க பக்கம் மிச்சம், நானும் வெளிய போனதும் சரசரன்னு கவுந்துட்டு. லாரியில திரும்பும்போது மாஸ்டர் கேட்டாரு, "எவம்லே தப்பு?"ன்னு. எபி முந்திக்கிட்டு, "நான் மூலைய விட்டுட்டேன் மாஸ்டர்"ன்னான். அம்புட்டுத்தான், ஊர் வந்து சேருத வரைக்கும் அவனுக்கு வசவு. நான் சும்மா இருந்தேன். தப்பு செய்யாதவன் எவனாவது தானா வந்து ஒத்துக்கிடுவானா, நீங்களே சொல்லுங்க.

என்னது? நான் கேப்டன்ல்லா, நான் எதுக்குப் பேசணும்? கேப்டனும் மாஸ்டரும் மோதிக்கிட்டா செட்டு ஒடைஞ்சிரும். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது.

கோயில்பட்டியில ஜெயிச்ச பொறவு, கொக்கரிச்ச வாயெல்லாம் அடைச்சுப் போச்சு. ஷிப்டு முடிஞ்சவங்க பேண்டு வாத்தியத்தோட கேட்டுல நின்னாங்க. அந்த மில்லு தொழிலாளி இருக்காம் பாருங்க, ஏத்துக்கிட்டாம்னா உசுரயே குடுப்பான். அதுக்கப்புறம் எங்க லாரிக்குப் பின்னால இன்னொரு லாரி. முட்டை செட்டு வாழ்கன்னு அவங்களே கத்திக்கிட்டு வந்தாங்க. வச்ச பேரு போகல, அர்த்தந்தான் மாறிட்டு. கடைசியா மாநில அளவுல பெரிய டோர்னமெண்டு. செமி பைனல் மதுரையில, பைனல் திருச்சியில. அதுல ஜெயிச்சா அந்த வருசத்துச் சாம்பியன்.

மதுரையிலதான் தம்பி இந்தக் காலு.

தாவிட்டு எறங்கும்போது முட்டியில "டக்"குன்னு ஒரு சத்தம். எனக்குக் கேட்டுச்சு. வேற யாருக்கும் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன். எந்திரிச்சு நடந்தேன். ஆட்டத்த முடிச்சோம், ஜெயிச்சோம். ஒரு சின்னச் சுளுக்குதான். ராத்திரி கொஞ்சம் வீங்குச்சு. துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டேன். எபி பக்கத்துல வந்து உக்காந்தான்.

"சேர்மா, மாஸ்டர்கிட்ட சொல்லிரு."

"என்ன சொல்லணும்?"

"முட்டி விலகிருக்கு. இதோட ஆடுனா காலு போயிரும். ஜெயக்கொடி மாசமா இருக்கு, நெனச்சுப் பாரு."

"ஏலே, நான் ஒக்காந்தா நீ பாடிப் போலாம்னு பாக்குதியா? வாய மூடிக்கிட்டுப் படு"ன்னேன்.

படுத்துக்கிட்டான். உண்மையச் சொன்னா எவனுக்குப் பதில் வரும்?

அடுத்த ஞாயித்துக்கெழம திருச்சியில பைனல். ஒரத்தநாட்டுக்காரங்க எதிர்ச் செட்டு. அவங்க ஆட்டம் தெரியும்லா? மண்ணுலயே பொறந்தவங்க. நாலு பக்கமும் சவுக்குக் கம்பு கட்டி, கம்பு ஒடையுத அளவுக்குக் கூட்டம். நம்ம மில்லு ஆளுக ரெண்டு லாரி.

நான் ஆடுனேன் தம்பி. அத எவனும் இல்லன்னு சொல்ல முடியாது. முத பாதியில கட்டுன துணியோட நாலு தடவ பாடிப் போயி, நாலு தடவயும் தொட்டுட்டு வந்தேன். தாவல. தாவ முடியல. கைய நீட்டியே தொட்டேன். ஒவ்வொரு தடவ திரும்பி வரும்போதும் கண்ணு இருட்டும். பல்லக் கடிச்சதுல ஒரு பல்லு ஓரமே ஒடைஞ்சு போச்சு. இந்தா பாருங்க, இதுதான்.

அந்த ஒரத்தநாட்டான் சும்மா இருப்பானா? கண்டுபிடிச்சிட்டான். பாடி வாரவன் எல்லாம் என் பக்கமே வந்தான். நான் நிக்குற எடத்துலதான் ஓட்டைன்னு. அப்ப இந்த எபி என்ன செஞ்சான் தெரியுமா? அவன் எடது மூல. அவன் எடத்துல அவன் நிக்கணும்ல்லா? எவனாவது என் பக்கம் வந்தா உடனே குறுக்க பாஞ்சு வந்து எனக்கு முன்னால நின்னுக்கிட்டான். எனக்கு ஒரு பிடி கூடக் கெடைக்கல. பூரா அவனே பிடிச்சான். மூக்குல முழங்கை பட்டு ரத்தம், தோள்ல தோலு வழண்டு தொங்குது, அப்பயும் வந்து மறிக்கான். கூட்டம் "எபி, எபி"ன்னு கத்துது. அதுவரைக்கும் அந்தக் கூட்டம் ஒரே ஒரு பேரத்தான் கத்திருக்கு தம்பி.

கடைசி ஒரு நிமிசம். ரெண்டு பக்கமும் சமம். நாங்க ஒரு ஆளத் தொட்டுட்டு வந்தாப் போதும். நான் கோட்டுக்கிட்ட போயிட்டேன். மூச்சு இழுத்துப் பாட ஆரம்பிக்கணும். பின்னால இருந்து மாஸ்டர் குரல்.

"சேர்மா, நில்லு. எபி போட்டும்."

கேட்டது தப்போன்னு திரும்பிப் பாத்தேன். "மாஸ்டர், நான் கேப்டன்"ன்னேன்.

"மதுரையில இருந்து நீ நடக்குற நடைய நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நில்லுலே."

அவரு பாத்தாராம். எங்க பாத்தாரு? எபி சொல்லிருப்பான். அவனத் தவிர யாருக்குத் தெரியும்? அப்படித்தான் நான் இன்னைக்கி வரைக்கும் நெனைக்கேன்.

எபி போனான். ஒருத்தன் முதுகத் தொட்டான். தொட்டதும் ரெண்டு பேரு காலப் பிடிச்சிட்டாங்க, மூணாவது ஆளு மேல விழுந்துட்டான். மூணு பேரையும் இழுத்துக்கிட்டு, பாட்ட விடாம, மண்ணுல ஊந்து ஊந்து வந்தான். வெரலு கோட்டுல பட்டுச்சு. நகத்தளவு. பட்டுச்சு. அம்பயர் கையத் தூக்கிட்டான்.

அதோட எங்க மில்லு சாம்பியன்.

நானும் கத்துனேன். கத்தாம இருக்க முடியுமா? ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு ஒடைஞ்சு போச்சு தம்பி. அந்தக் கடைசிப் பாட்டு என்னோடது. சீசன் பூரா நான் தாவித் தாவிக் கொண்டு வந்து நிறுத்தினேன், கடைசி அடிய அவன் எடுத்து வச்சான். அவனத் தோள்ல தூக்குனாங்க. அவன் திமிறி எறங்கி, கப்ப வாங்குன கையோட என்கிட்ட கொண்டாந்து திணிச்சான். "கேப்டன்ல்லா பிடிக்கணும்"ன்னான். போட்டோவுல நான்தான் கப்போட நிக்கேன். அவன் ஓரத்துல, பாதித் தலைதான் தெரியும். அடக்கமானவன்னு பேரு வாங்குததுக்கு அப்படி. எல்லாம் நடிப்பு.

ஆழ்வார்திருநகரி போயிட்டா? தண்ணி இருக்கா உங்ககிட்ட? வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும். குடிச்சா ஒண்ணுக்குப் போக எறங்கணும்பேன்.

பொறவு என்ன? ஊர்வலம், மாலை. என்னக் கட்டுப் போட்ட காலோட ஜீப்புல உக்கார வச்சு இழுத்துட்டுப் போனாங்க. பாளையங்கோட்டை டாக்டரு, இனிமே வெளையாட்ட மறந்துருன்னு சொல்லிட்டாரு. சித்திரை முடியல, பெரிய முதலாளி ஒரே வார்த்தையில செட்டக் கலைச்சிட்டாரு. பஞ்சு வெலை ஏறிட்டாம், கப்பு வந்துட்டுல்லா, போதுமாம். மத்தவங்க எல்லாருக்கும் கணக்க முடிச்சு அனுப்பிட்டாங்க. சின்ன முதலாளி அண்ணன் கால்ல விழாத குறையா கெஞ்சி, ஒரே ஒருத்தருக்கு மட்டும் மில்லுல நிரந்தர வேல வாங்கிட்டாரு. ஸ்டோர்ல. உக்காந்து பாக்குற வேல.

அன்னைக்கி என்னையும் எபியையும் மட்டும் வரச் சொல்லியிருந்தாங்க. ஆபீசுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். நான் காலு நீட்டி, அவன் தலையத் தொங்கப் போட்டு. ஜெயக்கொடிக்கு எத்தன மாசம்னு கேட்டான். ஏழுன்னேன். மொதல்ல அவனக் கூப்பிட்டாங்க. உள்ள போயி ரொம்ப நேரம். சின்ன முதலாளி கோவமாப் பேசுத சத்தம் கேட்டுச்சு. மாஸ்டர் சத்தமும் கேட்டுச்சு. இவன் சத்தம் மட்டும் கேக்கல. அப்புறம் வெளிய வந்தான்.

"சேர்மா, உன்னத்தான் கூப்பிடுதாங்க. போ"ன்னான்.

நான் உள்ள போனா, மாஸ்டர் ஜன்னலப் பாத்துத் திரும்பி நிக்காரு. சின்ன முதலாளி கண்ணு செவந்திருக்கு. "நீ குடுத்து வச்சவன்யா சேர்மத்துரை. ஒண்ணாந்தேதி வந்து ஸ்டோர்ல சேந்துக்க"ன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டேன். கேப்டனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க? காலக் குடுத்தவன் நான்ல்லா?

சந்தோசத்தோட வெளிய வாரேன், பெஞ்சு காலி. எபிய எங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டா, அவரு தூத்துக்குடி வண்டியில ஏறிட்டாரேங்கான். போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை கெடையாது. ஒரு சீசன் பூரா ஒரே லாரியில, ஒரே தட்டுல தின்னவன். எனக்கு வேல கெடச்சது பொறுக்கலன்னுதான் நெனச்சேன். வேற என்ன நெனைக்கது? திரும்பவும் உப்பளத்துக்கே போயிட்டான்னு பொறவு கேள்விப்பட்டேன். நான் மில்ல மூடுத வரைக்கும் அந்த ஸ்டோர்லதான் இருந்தேன். ரெண்டு பிள்ளைகளப் படிக்க வச்சேன், வீடு கட்டுனேன். ஆனா ஒருநாள் கூட அவன் வந்து, எப்படி இருக்கன்னு கேக்கல. இதத்தான் கேக்கணும்னு போறேன். நியாயமா இல்லையா?

என்ன கேட்டீங்க?

எதுக்கு மொதல்ல அவனக் கூப்பிட்டாங்கன்னா? எதுக்குக் கூப்பிடுவாங்க, கணக்க முடிச்சு அனுப்ப... அத முந்தின வாரமே முடிச்சிட்டாங்க. எல்லாருக்கும் முடிச்சிட்டாங்க. அப்ப வேற ஏதாவது இருக்கும். எனக்கெப்படித் தெரியும்? நான் வெளியல்லா இருந்தேன். சின்ன முதலாளி எதுக்குக் கோவப்பட்டாரா? முதலாளிக கோவப்படுததுக்குக் காரணம் வேணுமா? இந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கீங்க தம்பி. நான் என்ன கோர்ட்டுலயா நிக்கேன்?

தென்திருப்பேரை. இங்க வெத்தல நல்லாருக்கும்.

கோவிச்சுக்கிடாதீங்க. இந்தக் கால நீட்டி உக்காந்தா எனக்கு எரிச்சல் வரும். ஜெயக்கொடியும் ஒருநாள் இதையேதான் கேட்டா. மூத்தவனுக்கு வேல கெடச்ச அன்னைக்கி. "அந்த ரூமுக்குள்ள எபி அண்ணன் என்ன பேசுனாருன்னு நீங்க யோசிச்சதே இல்லையா?"ன்னு. யோசிக்க என்ன இருக்குன்னு சத்தம் போட்டேன். அதுக்குப் பொறவுதான் அவ அந்தப் பேச்சு வந்தாலே அடுப்படிக்குப் போறது.

குரும்பூர் தாண்டிட்டுல்லா? வாழத் தோட்டமா வருது. இன்னும் எவ்வளவு தூரம்? நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க, பாத்துச் சொல்லுங்க. ஸ்டாப்புல வெள்ளச் சட்டையில, ஒசரமா எவனாவது நிக்கானா? நிக்கானா? குடையா? ஆளு கூனிருக்கா, நேரா இருக்கா? ஒத்தைலயா நிக்கான்?

கொஞ்சம் இருங்க. செருப்பு வாரு அவுந்துட்டு. குனிஞ்சு மாட்டிக்கிடுதேன்.

கண்டக்டர் கத்துதது கேக்குது தம்பி, நான் செவிடு இல்ல. வேற யாராவது எறங்குவாங்க. போட்டும். விசில் அடிச்சிட்டாருல்லா? போட்டும். நான்தான் சொன்னேன்ல, திருச்செந்தூர் போயி முருகனக் கும்பிட்டுட்டு...

திரும்பிப் பாருங்க. இன்னும் நிக்கானா? பஸ்ஸயே பாக்கானா? போயிருக்க மாட்டான். அடுத்த வண்டிக்கு நிப்பான். அதுலயும் நான் இல்லன்னா அதுக்கடுத்த வண்டி. வெயில்ல. வீட்டுல ஐயர் வந்திருப்பாரு, ஆளுக பந்திக்குக் காத்திருக்கும், வீட்டுக்காரன் இங்க வந்து நிக்கான். கிறுக்கன். அன்னைக்கும் இப்படித்தான். வந்து மறிச்சுக்கிட்டு நின்னா எதிராளி அடிப்பான்னு தெரியாது? தெரியும். தெரிஞ்சுதான...

கண்டக்டர்! கண்டக்டர், நிப்பாட்டுங்க! ஆமா, என் ஸ்டாப்புதான், விட்டுட்டேன். கத்தாதீங்கய்யா, வயசானவன், காலு மடங்காதவன், எந்திரிக்க நேரமாவுதுல்லா. இங்கயே நிப்பாட்டுங்க, நான் நடந்துக்கிடுதேன். நடப்பேன்யா, நடந்திருக்கேன்.

தம்பி, கையக் குடுங்க. ஆங். அந்தத் தூக்குவாளிய எடுங்க, பாத்து, ஜெயக்கொடி கட்டுன துணி அவுந்துராம.

என்ன, கேள்வியா? அந்தக் கேள்வியக் கேக்கப் போறனான்னா?

இல்ல தம்பி. கேக்க மாட்டேன். கேட்டா சொல்லிப்புடுவான்.